தார் கெல் ஊத்தின ஆயில்

ஏ, ஏ, ஆயில் அளவு பாக்கற அந்தக் குச்சிய இப்ப உருவாதம்மா. இப்பதான எஞ்சின ஆஃப் பண்ணின? ஆயிலெல்லாம் மேல ஒட்டிக்கிட்டு கெடக்கும், கீழ வடியணும்ல. இப்ப உருவிப் பாத்தா குறைச்சலாத்தான் காட்டும். ஒரு பத்து நிமிஷம் விடு. ஆயில் லைட்டு எரிஞ்ச உடனே நிறுத்தினியே, அதுவே பெரிய புத்தி. நெறைய பேரு லைட்டு மேல ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு ஓட்டுவாங்க.

வா, நெழல்ல உக்காரு. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காரு. தண்ணி வேணுமா? டீ போடட்டுமா?

கையில என்ன அது, காட்டு. இருபது டபிள்யூ அம்பது. யாரு தலையில கட்டினா இத? அடிலெய்டுல பெட்ரோல் பங்க் காரனா? வடக்க போற, வெயில் கொளுத்தும், கெட்டி ஆயிலா வாங்கி வச்சுக்கோன்னானா? சரிதான். அவன் சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கும். நானே இருபத்தஞ்சு வருஷம் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அத டிக்கியில போட்டு வை. வீட்டு கேட்டுக் கீல் கிறீச்சுன்னா அதுல ரெண்டு சொட்டு விடு.

ஏன் சிரிக்கிற? பப்புல நிறுத்தி வழி கேட்டியா? பப்பு நடத்தற ஷெரில் இருந்தாளா? அப்ப சொல்லியிருப்பா. பக்கத்துலயே நின்னு பாத்துக்கோ, இல்லன்னா தார காய்ச்சி ஊத்திடுவான்னு சொன்னாளா? அப்படியேதான் சொன்னாளா! வார்த்தை கூட மாத்த மாட்டா பாரு. ஆறு வருஷமா அதே வசனம். இந்தக் கரிண்டா ஊருக்கு வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் முதல்ல பீரு, அடுத்தது என் கதை. ஆமாம்மா, நான்தான் தார் கெல். பொண்டாட்டி வண்டியக் கொன்ன மெக்கானிக். பேர மறைச்சு என்ன ஆகப் போவுது.

உனக்கு நான் ஊத்தப் போறது அஞ்சு டபிள்யூ முப்பது. உன் வண்டி புக்குல அதான் போட்டிருக்கும், பாத்துக்கோ. முன்னாடி இருக்கற நம்பரு காலங்காத்தால எஞ்சின் குளுந்து கெடக்கும்போது ஆயில் எவ்வளவு சுளுவா ஓடும்னு சொல்றது. பின்னாடி இருக்கறது சூடேறினப்புறம் எவ்வளவு கெட்டியா நிக்கும்னு. வெளிய இருபத்தாறு டிகிரியா இருந்தாலும் நாப்பத்தாறா இருந்தாலும் எஞ்சினுக்குள்ள ஏறக்குறைய ஒரே சூடுதான். அதுக்குத்தான ரேடியேட்டர்னு ஒண்ண வச்சிருக்கான். வெயிலு நமக்குத்தான் உறைக்கும், அதுக்கு அவ்வளவா உறைக்காது. பழைய லாரி, தேஞ்ச எஞ்சின், பின்னாடி ஆடு ஏத்தின டிரெய்லர், அதுக்கெல்லாம் கெட்டியா ஊத்து, நான் வேணாங்கல. புது எஞ்சின்ல ஆயில் போற வழியெல்லாம் ஊசிக் காது மாதிரி. அதுல போயி தேன ஊத்தினா எப்படிப் போகும்?

நல்லா சொல்றேனா? இதெல்லாம் ஜானெல் சொன்னது. என் பொண்டாட்டி. எனக்கு சொன்னா. நான் கேக்கல. இப்ப ஊருக்கே சொல்றேன், ஊரு கேக்கல. தார் கெல்லுக்கு என்னாச்சு, தண்ணி ஆயில் விக்கிறான்னு சிரிக்கிறானுங்க.

கதைய முழுசா கேக்கணுமா? ஷெரில் சொன்னது போதாதா உனக்கு? சரி, ஆயிலு வடியற வரைக்கும் வேற என்ன வேலை நமக்கு.

ஜானெல் இங்க நீச்சல் குளத்துல வாத்தியாரு. பத்தொம்பது வருஷம். இந்த ஊருல பதினஞ்சுலேருந்து முப்பது வயசுக்குள்ள இருக்கறவன் எவனா இருந்தாலும் அவகிட்டதான் முதல் தடவை தண்ணியக் குடிச்சிருப்பான். இவ்வளவு சின்ன ஊருக்குக் குளம் ஒரு ஆடம்பரம்தான், ஆனா அதுதான் ஊரு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல எல்லாரும் அங்கதான். அப்புறம் குளத்துல வெடிப்பு விட்டுது. கவுன்சில்லேருந்து ஆளுங்க வந்தாங்க, பாத்தாங்க, டேப்பு வச்சு அளந்தாங்க, போயிட்டாங்க. அந்த வருஷம் கோடையில குளம் தொறக்கல. அடுத்த வருஷமும் தொறக்கல. அதுக்கடுத்த வருஷம் மண்ணப் போட்டு மூடிட்டு நடுவுல ஒரு பெஞ்ச வச்சாங்க. அந்த பெஞ்சுல யாரும் உக்காந்து நான் பாத்ததில்ல. சுடும்.

குளம் மூடின வருஷந்தான் அவளுக்குப் புது வண்டி எடுத்தோம். சின்னது, வெள்ளை. அவளே போயி பாத்து எடுத்தா, என்ன கேக்கல. எனக்கு அதுலயே கொஞ்சம் மனசு கோணிடுச்சுன்னு வச்சுக்கோயேன். மெக்கானிக் புருஷன வீட்டுல வச்சுக்கிட்டு கடைக்காரன் சொன்னத நம்பி வாங்கிட்டு வர்றாளே!

முதல் சர்வீஸுக்கு நான் இருபது டபிள்யூ அம்பது டின்ன எடுத்து வைக்கறேன், இவ அந்தப் புக்க எடுத்துக்கிட்டு வந்து நிக்கறா. கெல், இதுல அஞ்சு டபிள்யூ முப்பதுன்னு போட்டிருக்குங்கறா. நான் சொன்னேன், அந்தப் புக்க எழுதினவன் ஜப்பான்ல ஏசி ரூம்ல உக்காந்து எழுதியிருப்பான், அவன் கரிண்டா வெயிலப் பாத்திருக்கானான்னு. நீ ஜப்பானப் பாத்திருக்கியான்னு கேட்டா. நல்ல கேள்விதான். எனக்குக் கோவம் வந்துடுச்சு. அங்கயே நிக்க வச்சு ஒரு மணி நேரம் பேசினேன். எங்கப்பா காலத்து டிராக்டர்ல ஆரம்பிச்சு, ரெண்டு வருஷம் சுரங்கத்துல நான் டம்ப்பர் லாரி ரிப்பேர் பாத்தது வரைக்கும். அவ புக்க மூடி உள்ள வச்சுட்டு, சரி கெல்லுன்னா. அதுக்கப்புறம் ஆயிலப் பத்தி அவ வாயே தொறக்கல. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

நான் அவ்வளவு பிடிவாதமா நின்னதுக்கு இன்னொரு காரணமும் இருந்துது. ஜனவரில, உச்சக் கோடையில, மதியம் ரெண்டு மணிக்கு நான் சாப்பிட வீட்டுக்குப் போவேன். இவ வீட்டுக்குள்ள இருக்க மாட்டா. வாசல்ல நிறுத்தின வண்டிக்குள்ள ஏசியப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. கண்ணாடி ஏத்தி, எஞ்சின் ஓடிக்கிட்டு. வண்டி எங்கயும் போகாது. ஒரு மணி நேரம், சில நாளு ரெண்டு மணி நேரம். ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நேரா பாத்துக்கிட்டு.

நான் என்ன பண்ணினேன்? நல்லா கேளு இத. வண்டி நின்னுக்கிட்டே ஓடினா காத்துப் படாது, எஞ்சின் சூடேறும், ஆயிலு இளகும். அதனால இன்னும் கெட்டி ஆயில் வேணும்னு முடிவு பண்ணினேன். கண்ணாடியத் தட்டி அவகிட்ட அதையே சொன்னேன் வேற. இப்படி நிறுத்தி வச்சு ஓட்டாத, எஞ்சினுக்கு ஆகாதுன்னு. அவ கண்ணாடிய எறக்கி, சரி கெல்லுன்னா. மறுபடியும் ஏத்திக்கிட்டா.

இன்னொரு கோடை என்னால முடியாதுன்னு ஒரு நாளு சொன்னா. தட்டு கழுவிக்கிட்டே சொன்னா. நான் மறுநாளே வீட்டு கூலர கழட்டி, பேடெல்லாம் மாத்தி, மோட்டாருக்கு ஆயில் விட்டேன். ஜில்லுன்னு வந்துது காத்து. எப்படி இருக்குன்னு கேட்டேன். நல்லாருக்குன்னா.

டீ ஆறிப் போச்சு பாரு. குடி.

என்ன கேட்ட? வண்டி வாங்கினதுலேருந்து ரெண்டு வருஷம் எப்படி ஓடிச்சா? பூ மாதிரி ஓடிச்சும்மா. ஒரு சத்தம் கெடயாது. நான் பப்புல போயி மார் தட்டிக்குவேன். பாருங்கடா, புக்குல சொன்னத தூக்கிப் போட்டுட்டு நம்ம ஆயில ஊத்தினேன், எஞ்சின் எப்படிக் கொஞ்சுதுன்னு. அஞ்சு பேரு என் பேச்சக் கேட்டு அவனவன் வண்டிக்கும் அதையே ஊத்தினான்.

அப்புறம் அந்த பிப்ரவரி. நாப்பத்தாறு டிகிரி. ஜானெல் காலையில அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு கிளம்பினா. அக்கா விக்டர் ஹார்பர்ல இருக்கா, கடலோரம். மதியம் வொர்க்‌ஷாப்புக்கு போன் வருது. தெக்க நூத்தி நாப்பது கிலோமீட்டர்ல ஒரு ரோட்ஹவுஸ் இருக்கு, பெட்ரோலும் சாப்பாடும் கெடைக்கும், பஸ்ஸு நிக்கும், நீ வர்ற வழியில பாத்திருப்ப. அங்கேருந்து பேசறா. கெல், வண்டி இங்க நிக்குது, வந்து எடுத்துக்கோங்கறா. நின்னு போன வண்டிய ஏத்திட்டு வர்ற ரெக்கவரி லாரிய எடுத்துக்கிட்டு நான் கிளம்பறேன். பப்பு வாசல்ல ஷெரில் நிக்கறா. யாரு வண்டின்னா. ஜானெல் வண்டின்னேன். என்னாச்சுன்னா. நிக்குதுன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. நிக்குதுன்னா அவ நின்னுடுச்சுன்னு எடுத்துக்கிட்டா. நீ காய்ச்சி ஊத்தின தாருதான வேலையக் காட்டிடுச்சுன்னு சிரிச்சா.

நான் போறதுக்குள்ள ஜானெல் பஸ்ஸுல ஏறிட்டா. நான் வண்டிய ஏத்திக்கிட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மெயின் ரோடு வழியா ஊருக்குள்ள வர்றேன். அன்னிக்குக் கிரிக்கெட்டு, மொத்த ஊரும் வெளிய நிக்குது. எல்லாரும் பாக்கறாங்க. எஞ்சின் ஜாம் ஆயிடுச்சுன்னேன். என் தப்புதான், கெட்டி ஆயில் ஊத்தியிருக்கக் கூடாதுன்னேன். அன்னிக்கே தார்னு பேரு வச்சுட்டானுங்க. அந்த வெயில்ல நடு ரோட்டுல நிக்க வச்சா எந்தப் பொம்பளைக்குத்தான் கோவம் வராது, அதான் அக்கா வீட்டுலயே தங்கிட்டான்னு ஊரே பேசிச்சு. ஒரு வாரம், ஒரு மாசம், கிறிஸ்துமஸ். வரல. ஒரு டின் ஆயில்ல குடும்பத்தக் கோட்ட விட்டவன்னு என்னக் காட்டி இப்ப சின்னப் பசங்களுக்கு புத்தி சொல்றாங்க. புக்கப் படிச்சு ஆயில் ஊத்துங்கடான்னு.

அதான் கதை. இரு, குச்சிய உருவிப் பாக்கலாம். பாரு, அடி மார்க்குக்கும் கீழ இருக்கு. ஒரு லிட்டர் கம்மி. நம்பரப் பத்தி நூறு பேரு சண்டை போடுவான், அளவப் பாக்கறவன் ஒருத்தன் இருக்க மாட்டான். இந்த வெயில்ல வாரம் ஒரு தடவை பாரும்மா. கெட்டியோ தண்ணியோ, முதல்ல உள்ள ஆயிலு இருக்கணும். அந்த டின்ன எடு. மெதுவா ஊத்தணும், புனல அப்படியே புடிச்சுக்கோ.

நல்லா புடிக்கிறியே. வேலை பழகின கையா இருக்கே. என்ன வேலை பாக்கற?

விமான மெக்கானிக்கா! புரோக்கன் ஹில் ஏர்போர்ட்டுல விமானம் நிறுத்தற ஹேங்கர்ல சேரப் போறியா? அடிப்பாவி, இவ்வளவு நேரம் உனக்குப் போயி ஆயில் நம்பருக்கு அர்த்தம் சொல்லிக்கிட்டு இருந்தேனே. நிறுத்தக் கூடாதா நீ? பேசட்டும்னு விட்டியா. நல்ல பொண்ணு.

என்ன?

ஜானெல் வண்டி எஞ்சின்ல எது போச்சுன்னு கேக்கறியா. பேரிங்கா, ஆயில் பம்பான்னு. ம். தொறந்து பாத்தீங்களான்னு.

இல்ல, நீ சொல்றது சரிதான். ரெண்டு வருஷ எஞ்சின், நாப்பத்தாறு டிகிரி, அதுல இருபது டபிள்யூ அம்பது ஊத்தினா கொஞ்சம் பெட்ரோல் கூடக் குடிக்கும், காலையில கொஞ்சம் முணுமுணுக்கும், நாள்பட தேஞ்சு போகும். நடு ரோட்டுல ஜாம் ஆயி நிக்காது. நிக்கவே நிக்காது.

ஆறு வருஷத்துல நீதான் முதல்ல கேட்ட. இந்த ஊர்ல நூத்தி எழுவது பேரு. பாதிப் பேருக்கு எஞ்சின் அக்கு வேறா ஆணி வேறா தெரியும். ஷெரில் புருஷன் ரயில் எஞ்சின்லயே இருபது வருஷம் இருந்தவன். ஒருத்தன் கூட எது போச்சுன்னு கேக்கல. தெரியாம கேக்கலையா, தெரிஞ்சு கேக்கலையான்னு நான் யோசிக்கறதில்ல. யோசிச்சா அவனுங்க மூஞ்சியில முழிக்க முடியாது.

பொண்டாட்டியப் பத்தி என்ன வேணா பொய் சொல்லிடறேன், எஞ்சினப் பத்தி நேருக்கு நேரா கேட்டா என்னால முடியல பாரு.

ஒண்ணும் போகலம்மா. ரோட்ஹவுஸ் பின்னாடி மரத்தடியில நெழலாப் பாத்து நிறுத்தியிருந்தா. சாவி முன் டயர் மேல. போன்லயே நான் கேட்டேன், என்ன சத்தம் வந்துது, லைட்டு எரிஞ்சுதா, புகை வந்துதான்னு அடுக்கிக்கிட்டே போனேன். நான் முடிக்கற வரைக்கும் கேட்டுக்கிட்டா. அப்புறம் சொன்னா, வண்டிக்கு ஒண்ணுமில்ல கெல், நான்தான் போறேன்னு. இங்க பப்பு வாசல்லயே பஸ்ஸு நிக்குது, அதுல ஏறியிருக்கலாம். ஊரு பாக்கும்னு அவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டுப் போயி ஏறியிருக்கா. என் மானத்துக்காக.

அப்பக்கூட நான் நம்பல. வண்டியிலதான் ஏதோ கோளாறு, இவ மறைக்கறான்னு நெனச்சுக்கிட்டே போனேன். சாவியப் போட்டுத் திருப்பினேன். ஒரே திருப்பு. பூ மாதிரி எடுத்துது. அப்படியே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. ஏசி ஓடுது, கண்ணாடி ஏத்தியிருக்கு, ஸ்டியரிங்க நான் ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கேன். அப்புறம் ஆஃப் பண்ணிட்டு எறங்கி, நல்லா ஓடற வண்டிய சங்கிலி போட்டு லாரி மேல இழுத்து ஏத்தினேன். ஓட்டிக்கிட்டு வந்தா ஜானெல் எங்கன்னு கேப்பாங்க. இழுத்துக்கிட்டு வந்தா வண்டிக்கு என்னாச்சுன்னு கேப்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இருந்துது.

அந்த வண்டி இப்ப அவ அக்கா பொண்ணுகிட்ட ஓடுது, அடிலெய்டுல. ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு. ஜானெல் அங்க கடலோரத்துல குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கறாளாம். நல்லாத்தான் இருப்பா.

ம், மூடி போட்டாச்சு. ஸ்டார்ட் பண்ணு. லைட்டு அணைஞ்சுதா? அணைஞ்சுது. சரி, கிளம்பு, வெயில் ஏறிக்கிட்டே போகுது. பணமெல்லாம் வேணாம், போ.

இன்னொண்ணு. நீ மெக்கானிக், உனக்கு இது புரியும். அந்த மரத்தடியில நான் ஆயில் குச்சியையும் உருவிப் பாத்தேன். பழக்கம். விரல்ல தேச்சேன். தண்ணி மாதிரி இருக்கு. என் ஆயிலு இல்ல அது. கடுதாசி ஏதாவது எழுதி வச்சிருப்பாளோன்னு முன் சீட்டுக்கு எதிர டேஷ்போர்டு டப்பாவத் தொறந்தேன். கடுதாசி இல்ல. மூடிக்கு உள்பக்கம் வரிசையா அஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. கண்ணாடியில ஒட்டுவாங்களே, அடுத்த சர்வீஸு எப்பன்னு, அது. புரோக்கன் ஹில்ல ஏதோ ஒரு வொர்க்‌ஷாப். தேதி போட்டிருக்கு, அஞ்சு டபிள்யூ முப்பதுன்னு கையால எழுதியிருக்கு. நான் அவ வண்டிக்கு ஆயில் மாத்தின ஒவ்வொரு தடவையும், அடுத்த வாரமே போயி அத வடிச்சுட்டு இத ஊத்திக்கிட்டு வந்திருக்கா. சாமான் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசறதவிட, போக நூத்தி எண்பது, வர நூத்தி எண்பது கிலோமீட்டர் ஓட்டறது அவளுக்கு சுலபமா இருந்திருக்கு. சாயங்காலம் வந்து எனக்கு சோறும் வச்சிருக்கா. வண்டி எப்படி ஓடுதுன்னு நான் கேட்டிருக்கேன். நல்லா ஓடுது கெல்லுன்னு சொல்லியிருக்கா.